ஆர்: ரெக்ரஷன் சோதனைப் படங்களில் ஒன்று மட்டும் சேமிக்கப்படுகிறது, எண் விழுந்த புள்ளிகளை நீக்கலாமா?

கேள்வி

வணக்கம். ஆர் மென்பொருளோடு வரும் கார்ஸ் தரவில் (50 வரிசை, வேகம் மணிக்கு மைலில், வண்டி நிற்க எடுத்த தூரம் அடியில்) தூரத்தை வேகத்தின் மேல் எல்எம் கட்டளையால் (நேர்கோடு பொருத்தும் ரெக்ரஷன்) பொருத்தியிருக்கிறேன். சாய்வு 3.93, வெட்டுத்துண்டு −17.58, ஆர்-ஸ்கொயர் (தூரத்தின் மாறுபாட்டில் கோடு விளக்கும் பங்கு) 0.65.

இந்தப் பொருத்தத்துக்கு பிளாட் கட்டளை கொடுத்தால் திரையில் நான்கு சோதனைப் படங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஸ்கிரிப்டில் பிஎன்ஜி கோப்பாகச் சேமித்தால் கடைசிப் படமான எச்சம்–லெவரேஜ் மட்டுமே கிடைக்கிறது (எச்சம்: உண்மைத் தூரத்துக்கும் கோடு சொல்லும் தூரத்துக்கும் உள்ள வித்தியாசம்; லெவரேஜ்: வரிசையின் வேகம் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதன் அளவு). அச்சுக்காக ரெஸ் 300 (அங்குலத்துக்கு 300 பிக்சல்) சேர்த்ததும் "ஃபிகர் மார்ஜின்ஸ் டூ லார்ஜ்" (பட ஓரங்கள் மிகப் பெரியவை) என்ற பிழையோடு நின்றுவிடுகிறது.

இன்னொன்று, முதல் மூன்று படங்களிலும் 23, 35, 49 என்று எண் விழுகிறது. இந்த மூன்று வரிசைகளையும் நீக்கிவிட்டு மறுபடி பொருத்தலாமா?

பதில் 1

கோப்பு விஷயம் முதலில். நீங்கள் கொடுத்த கோப்புப் பெயரில் எண்ணுக்கு இடமில்லை. அதனால் நான்கு படங்களும் ஒரே கோப்பில் எழுதப்படுகின்றன; ஒவ்வொன்றும் முந்தையதை அழித்து, கடைசியானது தங்குகிறது. தனித்தனிக் கோப்பு வேண்டுமென்றால் பெயருக்குள் %03டி சேருங்கள் (டி-க்கு ஆங்கிலச் சிற்றெழுத்து). 001 முதல் 004 வரை வந்துவிடும். ஒரே தாளில் நான்கும் வேண்டுமென்றால், பிஎன்ஜி திறந்த பிறகு பார் கட்டளையில் எம்எஃப்ரோ 2, 2 என்று வைத்துவிட்டு பிளாட் கொடுங்கள். வரிசை முக்கியம்: பார் அமைப்பு அப்போது திறந்திருக்கும் சாதனத்துக்கு (படம் வரையப்படும் திரை அல்லது கோப்பு) மட்டுமே பொருந்தும். முதலில் பார், பிறகு பிஎன்ஜி என்று எழுதினால் அது கோப்புக்குப் போகாது.

பிழைக்குக் காரணம் அளவு. பிஎன்ஜி சொல்லாமல் எடுக்கும் அளவு 480 × 480 பிக்சல். அதில் ரெஸ் 300 வைத்தால் தாள் 1.6 அங்குலமாகச் சுருங்கிவிடுகிறது. மேல், கீழ் ஓரங்கள் மட்டும் 9.2 வரி, வரிக்கு 0.2 அங்குலம் வீதம் 1.84 அங்குலம். தாளைவிட ஓரமே பெரிது, படம் வரைய இடமில்லை. விட்த் 7, ஹைட் 7, யூனிட்ஸ் அங்குலம், ரெஸ் 300 என்று நான்கையும் சேர்த்துக் கொடுங்கள். 2100 பிக்சல் படம் கிடைக்கும். ஆர்ஸ்டுடியோவில் பிளாட்ஸ் பலகை ஒடுங்கியிருந்தாலும் இதே பிழைதான், பலகையை இழுத்துப் பெரிதாக்கினால் போதும்.

பிழையில் நின்றபோது சாதனம் மூடப்படாமல் இருக்கும். கிராஃபிக்ஸ்-ஆஃப் கொடுத்து எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

பதில் 2

புள்ளிகளை நீக்காதீர்கள். அந்த எண்கள் தீர்ப்பு அல்ல. ஐடி-என் என்ற அமைப்பு இயல்பாகவே 3. குறையே இல்லாத தரவிலும் ஒவ்வொரு படத்திலும் மிகப் பெரிய மூன்றுக்கு எண் விழும். நான்காவது படத்தைப் பாருங்கள், அங்கே 35 போய் 39 வந்திருக்கும். அந்தப் படம் குக் தொலைவை (ஒரு புள்ளியை நீக்கினால் பொருத்தம் எவ்வளவு மாறும் என்பதன் அளவு) வைத்துத் தேர்ந்தெடுக்கிறது.

அதிகத் தாக்கம் 49-க்கு. அதன் குக் தொலைவு சுமார் 0.34, படத்தில் 0.5, 1 என்ற மட்டங்களுக்கு வரையும் கோடுகளை அது தொடவில்லை. லெவரேஜ் 0.074, சராசரியோ 2/50 = 0.04 (சாய்வு, வெட்டுத்துண்டு என 2 மதிப்புகள், 50 வரிசைகள்). உண்மையில் லெவரேஜ் மிகுந்தவை வேகம் 4 கொண்ட முதல் இரண்டு வரிசைகள் (0.115). அவற்றின் எச்சம் சிறியது, அதனால் எண் விழவில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. முதல் படத்தில் சிவப்புக் கோடு நடுவில் தாழ்ந்து இரு முனைகளிலும் எழும்புகிறது. மூன்றாவதில் வலப்பக்கம் ஏறுகிறது, அதாவது வேகம் கூடக்கூடச் சிதறலும் கூடுகிறது. மாதிரியின் வடிவமே சரியில்லை: வேகம் 4-க்கு அது சொல்லும் தூரம் −1.85 அடி! ஓட்டுநர் சுதாரிக்கும் தூரம் வேகத்தோடு நேராக வளரும், பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு வளரும். நேர்கோடு இதைத் தாங்காது.

தூரத்தின் வர்க்கமூலத்தை வேகத்தின் மேல் பொருத்திப் பாருங்கள். வெட்டுத்துண்டு 1.277, சாய்வு 0.322 வரும். 49-இன் தரப்படுத்திய எச்சம் (எச்சத்தை அதன் திட்டப்பிழையால் வகுத்தது) 2.9-லிருந்து 1.8-க்கு இறங்கிவிடும். மூன்றையும் நீக்கியிருந்தால், மாதிரியின் குறைக்காக நல்ல தரவு ஒன்றைத் தூக்கி எறிந்திருப்பீர்கள். 23 மட்டும் 2.9 அளவில் நிற்கும். வேகம் 14-இல் மற்றவை 26, 36, 60 அடி, இது 80. பதிவு தவறு என்று காட்ட ஆதாரம் இல்லாதவரை அதுவும் இருக்கட்டும். 50 புள்ளிகளில் இப்படி ஒன்று வருவது இயல்பு.

கேள்வி கேட்டவர்

நான்கு படங்களும் ஒரே தாளில் வந்துவிட்டன, நன்றி. 49-உம் நீங்கள் சொன்னபடி இறங்கிவிட்டது. வர்க்கமூலக் கணிப்பை அடிக்கு மாற்ற, வர்க்கப்படுத்தினால் போதுமா?

பதில் 2

நடுமதிப்பு வேண்டுமென்றால் போதும். சராசரி வேண்டுமென்றால் எச்சத் திட்டப்பிழை (எச்சங்களின் சிதறல் அளவு) 1.102-இன் வர்க்கத்தை, அதாவது 1.21-ஐ, கூட்டுங்கள். வேகம் 15-க்கு: 6.113-இன் வர்க்கம் 37.4, சராசரி 38.6 அடி. கணிப்பு இடைவெளிக்கு (புதிய ஒரு பதிவு விழக்கூடிய கீழ், மேல் எல்லைகள்) இந்தத் திருத்தம் தேவையில்லை. கீழ் எல்லை எதிர்மறையாக இல்லாதவரை இரு எல்லைகளையும் அப்படியே வர்க்கப்படுத்தலாம்.