பதினைந்து ஆண்டுகளாக உழாமல் கிடக்கும் நான்கு ஏக்கர்: விறகுக்கு எதை வெட்டலாம், எதை விட்டுவைக்கலாம்?

மானாவாரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மானாமதுரைக்குத் தெற்கே எங்கள் குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. தந்தையார் மறைந்த பிறகு பதினைந்து ஆண்டுகளாக அதில் யாரும் ஏர் பூட்டவில்லை. முக்கால் பங்கில் சீமைக் கருவேலம் மண்டிவிட்டது. கிழக்கு வரப்பில் பதினான்கு பனைகளும், நடுவில் சில வேம்பும் இரண்டு உசிலையும், தாழ்ந்த மூலையில் நாட்டுக் கருவேலமும், அவற்றின் அடியில் காரை, சூரை, இசங்குப் புதர்களும் இருக்கின்றன. உடும்பையும் கீரியையும் நானே பார்த்திருக்கிறேன். மயில்கள் அங்கேதான் அடைகின்றன.

கரிமூட்டம் போடும் ஒருவர், மொத்தத்தையும் வெட்டிக்கொண்டு ஒரு தொகை தருவதாகக் கேட்கிறார். எங்களுக்குத் தேவையோ இரண்டு வீட்டு அடுப்புக்கும், ஆண்டுக்கு இருமுறை நெல் அவிப்பதற்கும் வேண்டிய விறகு மட்டும்தான். விறகும் கிடைத்து, அங்குள்ள உயிர்களும் இடம்பெயராமல் இருக்க என்ன செய்யலாம்?

விதைப்பந்து எழுதியது:

சீமைக் கருவேலத்தில் தயவு காட்ட வேண்டியதில்லை. அதை அகற்றும்படி 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உத்தரவிட்டது. பொக்லைன் இயந்திரத்தை விட்டு வேரோடு பிடுங்கி, நிலத்தைச் சமன் செய்து, மழைக்கு முன்னால் நாட்டு மரக்கன்றுகளை வரிசையாக நட்டுவிடுங்கள். பாதி வேலை செய்து நிறுத்தினால் மூன்றே ஆண்டுகளில் பழைய நிலைக்கே வந்துவிடும்.

கண்மாய்க்கரை எழுதியது:

விதைப்பந்து அவர்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். அதே 2017-இல் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடையும் வந்தது என்பதை ஒருபுறம் வைப்போம். என் மனத்தாங்கல் இயந்திரத்தின் மேல்தான். எங்கள் மூன்று ஏக்கரில் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பிடுங்கி மண்ணைப் புரட்டிப் போட்டோம். அடுத்த ஐப்பசி மழையில், மண்ணுக்குள் கிடந்த விதைகளெல்லாம் கீரைப்பாத்திபோல் முளைத்து வந்தன. அந்த விதைகள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து முளைக்கக்கூடியவை. நிழலற்ற வெற்று நிலம் அவற்றுக்கு மிகவும் பிடிக்கும். நட்ட கன்றுகளோ தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் சித்திரை வெயிலில் காய்ந்தன. நூற்று இருபதில் தேறியவை பதினொன்று.

ஆகவே நிலத்தை ஐந்து கூறாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு கூறில் மட்டும் கைவையுங்கள். உங்களிடம் ஏற்கெனவே காரையும் சூரையும் இசங்கும் இருப்பது பெரிய சொத்து. கீரியும் பறவைகளும் அடைவது அந்த முட்புதர்களுக்குள்தான். வேம்பு, உசிலைக் கன்றுகள் ஆட்டின் வாய்க்குத் தப்பி எழுவதும் அவற்றின் காவலில்தான். ஒரு சீமைக் கருவேலத்தை எடுப்பதற்கு முன் அதன் அடியில் குனிந்து பாருங்கள். பறவைகள் எச்சமிட்டு முளைத்த வேப்பங்கன்று பெரும்பாலும் அங்கே நிற்கும். நர்சரியில் விலைக்கு வாங்கும் கன்றைவிட அது நூறு மடங்கு கெட்டியானது. அதற்கு வெளிச்சம் கிடைக்கும் அளவுக்கு மேலே கவிந்த முள்மரத்தை எடுத்தால் போதும்.

விறகைப் பொறுத்தவரை, முதல் ஐந்து ஆண்டுகளுக்குச் சீமைக் கருவேலமே உங்கள் தேவைக்கு மேல் தரும். நாட்டு மரத்தில் அரிவாள் படவே வேண்டாம். அதன் பிறகு உசிலையையும் வேம்பையும் கழிக்கலாம். இரண்டும் வெட்டிய இடத்திலிருந்து நன்றாகத் துளிர்த்து மறுதாம்பு தருபவை. நாட்டுக் கருவேலத்தை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது அடியோடு வெட்டினால் பெரும்பாலும் திரும்பத் துளிர்ப்பதில்லை.

பட்ட மரம் நின்றால் நிற்கட்டும். மரங்கொத்தி குடைந்த பொந்தில் பிறகு மைனாவும் புள்ளி ஆந்தையும் குடியேறும். பனையில் தொங்கும் காவோலைகளையும் பார்வைக்கு அசிங்கம் என்று முழுதாகக் கழித்துவிடாதீர்கள், தீ வைக்கவும் விடாதீர்கள். பனை உழவாரன் குருவி அந்த ஓலையின் உட்புறத்தில்தான் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டுகிறது. (பனையையே வெட்டும் எண்ணம் யாருக்காவது இருந்தால், அதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்ததை நினைவூட்டுங்கள்.) மயிலும் உடும்பும் 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. விறகு வெட்ட வருபவர்கள் உடும்புக்குக் கண்ணி வைக்கும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருப்பதால், அதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுவது நல்லது.

மானாவாரி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. இரண்டு சந்தேகங்கள். மேலாக வெட்டினால் சீமைக் கருவேலம் மீண்டும் புதராக வளர்கிறதே, இயந்திரம் இல்லாமல் அதை எப்படி ஒழிப்பது? வெட்டிய விறகு சில மாதங்களிலேயே உளுத்து மாவாகக் கொட்டுகிறதே, அதற்கு என்ன வழி?

மூட்டக்காரர் மகன் எழுதியது:

எங்கள் வீட்டுத் தொழிலே கரிமூட்டம் என்பதால் இதற்கு நான் பதில் சொல்வதே பொருத்தம். நாங்கள் கணுக்கால் உயரத்தில் வெட்டித் தூரை மண்ணிலேயே விடுவது சோம்பலால் அல்ல. மூன்று நான்கு ஆண்டுகளில் அதே தூரிலிருந்து ஐந்தாறு கிளை எழுந்து மறுபடி மூட்டத்துக்குத் தயாராகிவிடும் என்பதால்தான். மொத்தக் குத்தகைக்குக் கொடுக்கும் நில உரிமையாளருக்கு முள் ஒழியவே ஒழியாது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

துளிர்க்கும் மொட்டுகள் தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே, தூரின் கழுத்தில் இருக்கின்றன. தூரைச் சுற்றி ஒரு முழம் ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி, அந்தக் கழுத்துக்குக் கீழே பக்கவேர்களை அறுத்துத் தூரைப் பெயர்த்துவிட்டால் அது திரும்ப எழுவதில்லை. மழை விட்டு மண் பதமாக இருக்கும் தை மாதத்தில் கடப்பாரையும் கோடாரியும் கொண்டு இரண்டு ஆட்கள் ஒரு நாளில் சில தூர்களைத்தான் எடுக்க முடியும், பொறுமை வேண்டும். ஆனால் தூர்க்கட்டைதான் அடுப்பில் நின்று எரியும். நெல் அவிக்க அதைவிடச் சிறந்தது இல்லை. சுண்டுவிரல் தடிமன் உள்ள கன்றுகளை மழைக்காலத்திலேயே கையால் பிடுங்கிவிடலாம். காய் பழுக்கும் காலத்தில் ஆடு மாடுகளை அந்த நிலத்துக்குள் விடாதீர்கள். நெற்றைத் தின்று புழுக்கையிலும் சாணத்திலும் ஊரெங்கும் விதைப்பவை அவைதான்.

உளுத்துப்போவதற்குக் காரணம், பச்சைக் கட்டையைப் பிளக்காமல் தரையிலேயே போட்டுவைப்பது. வெட்டிய கையோடு பிளந்து, கல் அடுக்கி அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் காற்றோட்டத்துடன் அடுக்குங்கள். கோடை முழுவதும் காய்ந்தபின் மேலே மட்டும் தகரம் போட்டு மூடுங்கள்; பக்கங்களை மூடினால் புழுங்கிப் புழு பிடிக்கும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, புகைதான் வரும்.

முள்ளைக் கையால் இழுக்க வேண்டாம், கவைக்கம்பால் தள்ளுங்கள். சென்ற ஆண்டு அடுக்கிய விறகை எடுக்கும்போது முதலில் ஒரு கம்பால் தட்டுங்கள். சுருட்டை விரியன் கட்டைகளுக்கு இடையே சுருண்டு கிடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கண்மாய்க்கரை எழுதியது:

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். விறகுக்கு ஆகாத முள்கிளைகளைக் கொளுத்தாமல் வேலியோரமாக மார்பளவு உயரத்துக்குக் குவித்துவிடுங்கள். ஆடு உள்ளே வராமல் அது தடுக்கும். எங்கள் நிலத்தில் அப்படிக் குவித்த முள்ளுக்குள் கௌதாரி முட்டையிட்டது.

மானாவாரி எழுதியது:

கரிமூட்டக்காரரிடம் இன்று மாலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதல் கூறாக மேற்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், பனைகளிலிருந்து தொலைவு என்பதால். அங்கே முள்மரங்களின் அடியில் இன்று எண்ணியதில் முப்பத்தொரு வேப்பங்கன்றுகள் இருந்தன.