சர்வர் லாக்கில் நிமிடத்துக்கு ஒரு எச்சரிக்கை: யாரோ தாக்குகிறார்களா?

ஆத்தங்குடிக்கல்:
வணக்கம். ஆத்தங்குடியில் எங்களுக்குக் கல் பட்டறை, காரைக்குடியில் கடை. கடைக்கென்று ஒரு வலைத்தளம், சின்னம்மாவின் பலகார வியாபாரத்துக்கு ஒன்று. இரண்டும் ஒரே வாடகை சர்வரில் இருக்கின்றன. இயங்குதளம் உபுண்டு, பக்கங்களை அனுப்பும் மென்பொருள் அப்பாச்சி, சந்தேகமான கோரிக்கைகளைத் தடுக்கும் காவலாள் மோட்செக்யூரிட்டி, அதற்கு ஓவாஸ்ப் விதித்தொகுப்பு.

மூன்று மாதமாக எரர் லாக்கில் (சர்வரின் பிழைப் பதிவேட்டில்) நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே வரி: விதி எண் 920350, ‘ஹோஸ்ட் ஹெட்டர் இஸ் எ நியூமரிக் ஐபி அட்ரஸ்’, வார்னிங். அதாவது யாரோ தளத்தின் பெயரைச் சொல்லாமல் ஐபி என்ற எண் முகவரியைச் சொல்லிக் கேட்கிறார்கள். வெறும் வார்னிங்தானே என்று விட்டுவிட்டேன். போன வெள்ளிக்கிழமையிலிருந்து ‘தளம் விழுந்துவிட்டது’ என்று போனுக்கு அலர்ட் வந்துகொண்டே இருக்கிறது. திறந்து பார்த்தால் தளம் நன்றாக ஓடுகிறது.

எல்லாமே ஒரே ஐபியிலிருந்து வருவதைப் பார்த்து, ஃபயர்வாலில் அதைத் தடுத்தேன். லாக் அமைதியானது, அலர்ட் நிற்கவில்லை. கடைக் கம்ப்யூட்டரில் தளம் திறக்காமல் போனதுதான் மிச்சம். மொபைல் டேட்டாவில் திறந்தது. நேற்று கரண்ட் போய் வந்தபின் வேறொரு ஐபியிலிருந்து மறுபடி அதே வரி. ஆள் முகவரியை மாற்றிக்கொண்டு வருகிறானா?

பள்ளத்தூர்க்காரன்:
வெளிநாட்டு ஐபி அத்தனையையும் தடுத்துவிடுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், நிம்மதி.

ரஸ்தா_அட்மின்:
அவசரப்பட வேண்டாம் தம்பி. தடுத்ததும் கடையில் மட்டும் தளம் செத்தது என்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. கடைக் கம்ப்யூட்டரில் உங்கள் பொது ஐபி என்னவென்று பாருங்கள். கரண்ட் போனால் ரவுட்டர் அணைந்து எழும், பிராட்பேண்ட் ஐபியும் மாறும். அப்புறம், அந்த அலர்ட்டை அனுப்புவது யார்? லாக்கில் வினாடி எண்களையும் கொஞ்சம் கவனியுங்கள்.

ஆத்தங்குடிக்கல்:
அண்ணே, வெட்கமாக இருக்கிறது. ஐபி எங்கள் கடையுடையதுதான். நேரம் 10:14:02, 10:15:02, 10:16:01 என்று போகிறது. கல்லாவுக்குப் பின்னால் கிடக்கும் பழைய லேப்டாப்பில், அண்ணன் மகன் எழுதிய பைத்தான் ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் தானாக இயக்கும் க்ரானில் ஓடுகிறது. தளம் உயிரோடு இருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை கேட்குமாம். பெயருக்குப் பதில் சர்வர் ஐபியைப் போட்டிருக்கிறான். தளப் பெயரை ஐபியோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸை மாற்றிக்கொண்டிருந்தபோது எழுதியதாம். வெள்ளிக்கிழமை ‘சுத்தம்’ செய்கிறேன் என்று, கேட்பது எந்த மென்பொருள் எனச் சொல்லும் யூசர் ஏஜென்ட் வரியையும் காலியாக்கியிருக்கிறான்.

ஆனால் மூன்று மாதம் வெறும் எச்சரிக்கையாக இருந்தது வெள்ளிக்கிழமை ஏன் முற்றியது?

ரஸ்தா_அட்மின்:
வீட்டுக்காரனே கதவைத் தட்டிவிட்டு, உள்ளே ஓடி வந்து ‘யாரது’ என்று கேட்ட கதைதான்.

அந்த விதித்தொகுப்பு ஒரு விதி மீறியதும் ஆளைத் துரத்தாது, மதிப்பெண் போட்டு வைக்கும். வார்னிங் என்றால் 3, நோட்டீஸ் என்றால் 2. கூட்டுத்தொகை 5-ஐத் தொட்டால் 403 (அனுமதி இல்லை) கொடுத்துத் திருப்பி அனுப்பும். நீங்கள் மாற்றவில்லை என்றால் வரம்பு அதுதான். ஹோஸ்ட் இடத்தில் ஐபி இருந்ததற்கு 3. மூன்று மாதமும் அதோடு நின்றது. வெள்ளிக்கிழமை காலி யூசர் ஏஜென்ட் வந்ததும் அதற்கான விதி 920330 இன்னொரு 2 போட்டது. கணக்கு சரியாக 5. வரம்பைத் தொட்டதும் தடுக்கும் விதி 949110. லாக்கில் அந்த எண்ணைத் தேடுங்கள், மொத்த மதிப்பெண்ணோடு அகப்படும். ஸ்கிரிப்ட்டுக்கு 403 கிடைத்தது. அது பாவம், தளம் விழுந்ததாக நினைத்து உங்களை எழுப்பியது. ஃபயர்வாலில் தடுத்தபின் பதிலே வராததால் அப்போதும் அதையே சொன்னது.

920350-ஐ மட்டும் அணைத்துவிடாதீர்கள். தளத்தின் பெயர் தெரியாமல் ஐபி ஐபியாகத் துழாவிக்கொண்டு வரும் ஸ்கேனர்கள் நிறைய. அவற்றுக்காக இருக்கும் விதி அது. ஃபயர்வாலில் போட்ட தடையை எடுத்துவிடுங்கள். அந்தப் பழைய ஐபி இன்று உங்கள் ஊரிலேயே வேறு யார் வீட்டுக்கோ போயிருக்கும், அவர் வாடிக்கையாளராகக்கூட இருக்கலாம்.

கானாடுகாத்தான்_முகப்பு:
ஒன்று கேட்கிறேன். ஒரு சர்வரில் இரண்டு தளம் என்றீர்கள். எந்தத் தளம் வேண்டும் என்பது ஹோஸ்ட் பெயரைப் பார்த்துத்தான் அப்பாச்சிக்குத் தெரியும். வெறும் ஐபியோடு போனால், முதலில் ஏற்றப்பட்ட வர்ச்சுவல் ஹோஸ்ட் (ஒரு தளத்துக்கான அமைப்பு) பதில் சொல்லும். உபுண்டுவில் தளங்களின் அமைப்புக் கோப்புகள் பெயரின் ஆங்கில அகரவரிசைப்படி ஏறும். பிரவுசரில் ஐபியைத் தட்டிப் பாருங்கள், யார் வருகிறார்கள்?

ஆத்தங்குடிக்கல்:
சின்னம்மாவின் மணகோலப் பலகாரப் பக்கம் வருகிறது அண்ணே! அவர் கோப்பு ‘பி’யில் தொடங்குகிறது, எங்களுடையது ‘டி’. ஸ்கிரிப்ட் இவ்வளவு நாள் அவர் தளத்தைத்தான் பார்த்திருக்கிறது. போன மாதம் டேட்டாபேஸ் நின்று கல் தளம் அரை நாள் கிடந்தபோது ஏன் ஒரு அலர்ட்டும் வரவில்லை என்பது இப்போதுதான் புரிகிறது.

கானாடுகாத்தான்_முகப்பு:
அப்படியானால் அந்த எச்சரிக்கை மூன்று மாதமாக நியாயமாகத்தான் கத்தியிருக்கிறது. எச்டிடிபிஎஸ்ஸும் முழுப் பெயரும் போட்டுச் சோதியுங்கள், சான்றிதழ் காலாவதியானாலும் தெரிந்துவிடும். யூசர் ஏஜென்ட்டில் ‘கடை-சோதனை’ என்ற பொருளில் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் வையுங்கள், லாக்கில் உங்கள் ஆளை நீங்களே அடையாளம் காண. 200 (சரி என்ற பதில்) வந்தால் மட்டும் போதாது. பக்கத்தில் கல் விலைப்பட்டியலின் தலைப்பு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை தவறினால் அலர்ட் வேண்டாம், அடுத்தடுத்து இரண்டு முறை தவறினால் அனுப்பட்டும். கடை நெட் போனாலும் சர்வர் போனதாகத்தான் அந்த லேப்டாப் நினைக்கும், அதனால் வெளியிலிருந்து இன்னொரு சோதனையும் இருப்பது நல்லது.

ஆத்தங்குடிக்கல்:
எல்லாம் மாற்றியாயிற்று. காலையிலிருந்து லாக்கில் அந்த வரி இல்லை. சோதிக்க டேட்டாபேஸை நிறுத்தினேன், இரண்டாவது நிமிடமே போன் அலறியது. சின்னம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். “இவ்வளவு நாள் என் கடைக்குச் சும்மாவே காவல் இருந்தீர்களா? அதையும் நிறுத்திவிடாதே” என்கிறார். அவர் பெயருக்கும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.