ரயில் நிற்கும்போது விளக்கு மங்குவது ஏன்?

கேள்வி: கோண்டாவில் பயணி

பழைய பெட்டிகளில் விளக்கும் மின்விசிறியும் ஓட்டத்தின்போது நன்றாக இயங்குகின்றன. ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்காக நெடுநேரம் காத்து நின்றால் விளக்கு மங்கி, விசிறி தளர்கிறது. எஞ்சின் நிற்காமல் உறுமிக்கொண்டிருக்க, பெட்டிகளுக்கு மாத்திரம் மின்சாரம் குறைவது ஏன்? குளிரூட்டிய வண்டிகளில் அப்படி நேர்வதில்லையே?

மறுமொழி: மின்னியல் ஆர்வலன்

வணக்கம் ஐயா. அத்தகைய பெட்டிகளுக்கு எஞ்சினிலிருந்து மின்சாரம் வருவதில்லை. பெட்டியின் அடியிலுள்ள மின்பிறப்பாக்கியைச் சக்கர அச்சு ஒரு பட்டியின் மூலம் சுழற்றுகிறது; பிறக்கும் மின்சாரம் விளக்குக்கும் விசிறிக்கும் போக, மீதி பற்றரிகளில் சேர்கிறது. வண்டி நின்றாலோ மிக மெதுவாக ஊர்ந்தாலோ சுமை முழுவதையும் பற்றரியே தாங்க வேண்டும். அது முதுமையடைந்திருந்தால் மங்கல் விரைவில் தெரியும். இந்தியாவில் இம்முறை 110 வோல்ற்று நேரோட்டத்தில் இயங்குகிறது. அங்கே சாதாரணப் பெட்டிக்கு 4.5 கிலோவாற்றுப் பிறப்பாக்கி போதும். குளிரூட்டிய பெட்டிக்கு 25 கிலோவாற்று அளவிலானவை பொருத்தப்படுகின்றன. இது செலவில்லாத மின்சாரமன்று. அச்சில் கூடும் இழுவையை வெல்ல எஞ்சின் மேலதிக டீசலை எரிக்கிறது.

மறுமொழி: சுன்னாகத்தான்

எஞ்சினைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீசல் மின் எஞ்சினுக்குள் பெரிய பிறப்பாக்கி இருப்பது உண்மையே. ஆனால் அது இழுவை மோட்டர்களுக்கானது. சாரதி வேகப்படியை மாற்றும்போதெல்லாம் எஞ்சினின் சுழற்சியும் மாறுவதால், அந்த மின்சாரத்தை அப்படியே பெட்டிகளுக்குக் கொடுக்க முடியாது. அமெரிக்காவின் எஃப்40பிஎச் எஞ்சின்கள் பெட்டிகளுக்கு 480 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்தை மாறாமல் வழங்குவதற்காக, நிலையத்தில் நிற்கும்போதும் நிமிடத்துக்கு 893 சுற்றுகள் என்ற வேகத்திலேயே ஓடின. அந்த இரைச்சலும் எரிபொருள் விரயமும் எனக்கு உவப்பானவையல்ல. தனிப் பிறப்பாக்கிப் பெட்டி இணைப்பதே தெளிவான தீர்வு: இந்தியாவில் அது 750 வோல்ற்று மும்முனை மின்சாரத்தை வண்டி நெடுகிலும் அனுப்ப, ஒவ்வொரு பெட்டியிலும் மின்மாற்றி அதைக் குறைத்துக்கொள்கிறது. வண்டி நின்றாலும் ஓடினாலும் அளவு ஒன்றே; இத்தகைய குளிரூட்டிய வண்டிகளில் விளக்கு மங்காததற்குக் காரணம் இதுவே. மேலே 25,000 வோல்ற்று மின்கம்பியுள்ள தடங்களில் மின் எஞ்சினே இந்த வேலையையும் செய்துவிடும். இலங்கையில் எங்கள் வட பாதையில் மின்கம்பி இல்லாதபடியால் டீசலையே நம்ப வேண்டியிருக்கிறது.

கேள்வி: கோண்டாவில் பயணி

மிக்க நன்றி. அந்தப் பிறப்பாக்கியே நின்றுவிட்டால் வண்டி முழுவதும் இருளாகுமா?

மறுமொழி: சுன்னாகத்தான்

இல்லை. குளிரூட்டி உடனே நிற்கும். அவசர விளக்குகளுக்கு ஒவ்வொரு பெட்டியிலும் தனிப் பற்றரி உண்டு.