ஹார்ட் அர்ச்சின்: தமிழில் என்ன சொல்வது?

மடல் 1
குழுவினருக்கு வணக்கம். ஐரோப்பாவை ஒட்டிய வடகடலின் (நார்த் சீ) அடித்தரை பற்றி மாணவர்களுக்கான கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 'ஹார்ட் அர்ச்சின்' வந்து நிற்கிறது. முட்கள் கொண்ட, இதய வடிவக் கடல் உயிரி; எக்கினோகார்டியம் கார்டேட்டம் என்ற இனம். இப்போதைக்கு 'இதயக் கடல் முள்ளெலி' என்று போட்டிருக்கிறேன். பிள்ளைகள் எலி என்றே நினைத்துவிடுவார்களோ?

மடல் 2
எலிக்குப் பயப்படாதீர்கள் அம்மா. அர்ச்சின் என்ற சொல்லே முன்பு ஆங்கிலத்தில் முள்ளெலியைத்தான் குறித்தது. கிரேக்க எக்கினோஸும் அப்படித்தான், இரண்டு உயிரிக்கும் ஒரே பெயர். என் மனக்குறை 'இதயம்' என்ற வடசொல்தான். நெஞ்சு இருக்கிறதே! 'நெஞ்சொடு கிளத்தல்' என்று குறளில் ஓர் அதிகாரமே உண்டு. 'நெஞ்சுமுள்ளி' என்று வையுங்கள். அப்புறம், இந்த உயிரி சேர்ந்த பெருந்தொகுதியைப் பாடநூலில் 'முட்தோலி' என்று அச்சிடுகிறார்கள். முள்ளும் தோலும் புணர்ந்தால் முட்டோல். நன்னூல்படி அது 'முட்டோலி'. இதையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும்.

மடல் 3
ஐயா, முட்டோலி என்று கரும்பலகையில் எழுதினால் என் வகுப்பு முட்டைத் தோலைத்தான் நினைக்கும். இலக்கணம் சரி, பிள்ளைக்குப் புரிய வேண்டாமா? குறளில் வரும் நெஞ்சு மனம். பேச்சில் நெஞ்சுவலி என்றால் மார்பு. உறுப்பின் வடிவம் எதிலும் இல்லை. 'முள்ளி'யும் செடிப் பெயராயிற்றே. நெய்தல் பாட்டில் வரும் முண்டகம் கழிமுள்ளிதானே?

மடல் 4
கடல் உயிரியல் படித்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. எல்லோரும் ஓட்டின் வடிவத்தையே பார்க்கிறீர்கள். அது வாழும் விதத்தைப் பாருங்கள். மணலுக்குள் 10, 15 செ.மீ. ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. மூச்சுக்கு மேலிருந்து நீர் இறங்க ஒரு குழல் விடுகிறது; அது இடிந்துவிடாமல் சளி பூசிவைக்கிறது. குழாய்க்கால்கள் நீண்டு ஏறி அந்தக் குழலைப் பராமரிக்கின்றன. மேலுள்ள முட்கள் மயிர்போலப் பின்னோக்கிப் படிந்திருக்கும், அடியில் உள்ளவை துடுப்புபோலத் தட்டை. பாறையைச் சுரண்டும் கடல் முள்ளெலிகளுக்கு 'அரிஸ்டாட்டில் விளக்கு' என்ற பல்லமைப்பு உண்டு. இதற்கு அது கிடையாது, தேவையும் இல்லை: மணலில் கலந்த மட்கிய துகள்தான் சாப்பாடு. வட்டமான உடம்புக்கு முன்னும் பின்னும் வந்துவிட்டது; வாய் முன்னால் நகர்ந்தது, கழிவுத் துளை பின்முனைக்குப் போனது. டெல்லிமியா ஃபெருஜினோசா என்ற சின்னஞ்சிறு சிப்பி அதன் வளையிலேயே குடியிருக்கிறது. வயலில் மண்புழு செய்யும் வேலையைக் கடலடியில் இது செய்கிறது, மணலைக் கிளறி ஆக்சிஜனைக் கீழே சேர்க்கிறது. இத்தனையும் புதைந்து கிடப்பதால் வந்தவை. 'புதைமுள்ளி' என்பதே என் கட்சி.

மடல் 5
புதைமுள்ளி அழகான சொல். ஆனால் மணல் டாலர் என்கிறார்களே, நாணயம்போலத் தட்டையான இன்னொரு கடல் முள்ளெலி, அதுவும் மணலில் புதைகிறது. அதை என்ன சொல்வீர்கள்? 'கார்டேட்டம்' என்றால் இதய வடிவம். அது சீட்டுக்கட்டில் பார்க்கும் வடிவம்; நம் ஊர்க் கண்ணுக்கு அது வெற்றிலை. 'வெற்றிலைமுள்ளி' என்றால் வடசொல்லும் இல்லை, பார்த்தவுடன் புரியும்.

மடல் 6
வெற்றிலை தட்டை, இது உருண்டை. கரை ஒதுங்கும் ஓட்டைப் பிரிட்டனில் 'கடல் உருளைக்கிழங்கு' என்பார்கள். மணல் டாலர் பற்றிச் சொன்னது நியாயம். சரி, புதைமுள்ளியைக் குழுப்பெயராக வைத்துக்கொண்டு இதற்கு அடைமொழி சேர்க்கலாம்.

மடல் 7
எல்லோருக்கும் நன்றி. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால், என் 'இதய'த்தோடு உங்கள் 'முள்ளி'யை இணைத்த இதயமுள்ளிக்கு நான்கு பேர், புதைமுள்ளிக்கு இரண்டு, மற்ற இரண்டுக்கும் ஒவ்வொருவர். 'இதயமுள்ளி' என்று அனுப்பிவிட்டேன். மணலில் புதைந்து வாழ்வதைத் தனி வாக்கியமாக எழுதியிருக்கிறேன்.

மடல் 8
பெரும்பான்மையை மதிக்கிறேன் அம்மா, ஆனால் நெஞ்சுமுள்ளியை நான் கைவிடவில்லை. முட்டோலியையும் இன்னும் யாரும் தீர்த்துவைக்கவில்லை.