மூக்கனேரி ஆகாயத்தாமரை: அள்ளிட்டே இருக்கிறதா, சாக்கடையை நிறுத்துறதா?

கரைவாசி:
வர்ற ஞாயித்துக்கிழமை காலையில மறுபடி நம்ம சேலம் மூக்கனேரியில ஆகாயத்தாமரை அள்ளப் போறோம். கன்னங்குறிச்சி பக்கம் கரையோரம் தண்ணியே தெரியல. கையுறை, கயிறு, நீளமான மூங்கில் கழி இருக்கிறவங்க எடுத்துட்டு வாங்க.

சூரமங்கலத்தான்:
தப்பா எடுத்துக்காதீங்க, இதனால என்ன பிரயோஜனம்? அந்தச் செடிக்கு சாப்பாடே சாக்கடையில இருக்கிற நைட்ரஜனும் பாஸ்பரசும்தான், அது வந்துட்டே இருந்தா ரெண்டே வாரத்துல ரெட்டிப்பாகும், விதை வேற சேத்துக்குள்ள வருசக்கணக்கா உசுரோட கெடக்கும். நீங்க அள்ள அள்ள பொறுப்புல இருக்கிறவங்களுக்கு வசதியாப் போயிருது, ஜனங்களே பாத்துக்கிறாங்கன்னு விட்டுருவாங்க. நிக்க வேண்டியது ஏரியில இல்ல, ஆபீஸ் வாசல்ல.

கரைவாசி:
2010ல சேலம் சிட்டிசன்ஸ் ஃபோரம்ல சூழல் ஆர்வலர் பியூஷ் மானுஷ் கூட சேந்தவங்க இந்த ஏரியைக் கையில எடுத்தப்போ வாசல்ல மட்டும் நின்னுருந்தா இன்னிக்கு ஏரியே இருந்திருக்காது. தூர்வாரின மண்ணையே உள்ள திட்டு திட்டா குவிச்சு மரம் வச்சாங்க. இப்ப சாயங்காலம் போய்ப் பாருங்க, அந்தத் திட்டு மரத்துல எத்தனை கொக்கு, எத்தனை நீர்க்காகம் வந்து அடையுதுன்னு. கை வச்சு வேலை செஞ்சவங்க பேச்சுக்குத்தான் ஆபீஸ்லயும் மதிப்பு.

சூரமங்கலத்தான்:
அவங்க வேலையை நான் குறைச்சே சொல்லலங்க. ஆனா அப்ப பிரச்சனை வறட்சியும் வண்டலும், மண்ணை ஒரு தடவை அள்ளுனா அள்ளுனதுதான். சாக்கடை அப்படியா? தினமும் வருது.

வலைக்காரர்:
யாரோ களைக்கொல்லி மருந்து அடிச்சா ஒரே வாரத்துல கருகிரும்னு சொல்லிட்டுத் திரியிறாங்க, தயவுசெஞ்சு வேண்டாம். செத்த செடி மொத்தமும் அடியில போயி அழுகும், தண்ணியில ஆக்சிஜன் போயிரும், மீனு பூரா மிதக்கும். அப்புறம் அள்ளுறவங்களுக்கு ஒண்ணு, அள்ளுனதைக் கரையிலயே போட்டுட்டுப் போகாதீங்க அண்ணா. ஒரு மழை பேஞ்சா திரும்ப உள்ள. டிராக்டர் சொல்லி அன்னிக்கே ஏத்திரணும், நல்லாக் காய வச்சா தென்னை மரத்தடி ஈரம் காயாம மூடாக்காப் போடலாம்.

சூரமங்கலத்தான்:
மருந்து விசயத்துல உங்க கூட நிக்கிறேன்.

மலைக்காத்து:
நான் ஏற்காடு. சேர்வராயன் மலையில பேஞ்சு இறங்குற தண்ணிதான் கன்னங்குறிச்சி புது ஏரி நெறைஞ்சு உங்க மூக்கனேரிக்கு வருது. மலையை விட்டு இறங்குறப்ப எப்படி இருந்த தண்ணி, ஊருக்குள்ள ஓடையில வந்ததும் எப்படி ஆகுதுன்னு ஒரு நாள் கூடவே நடந்து பாருங்க, வயிறு எரியும். கோழிக்கழிவு, பிளாஸ்டிக், வீட்டுக் குழாய் எல்லாம் அதுலதான். ரெண்டு பேரும் ஏரியைப் பத்தியே பேசுறீங்க, எனக்குத் தெரிஞ்சு காப்பாத்த வேண்டியது ஓடையை.

சூரமங்கலத்தான்:
இதைத்தான் நான் கத்திட்டு இருக்கேன். சரி, நான் அள்ள வரல. ஞாயித்துக்கிழமை அதே நேரத்துக்கு ஓடையோரம் நடந்து எங்கெங்க சாக்கடை வந்து விழுதுன்னு லொக்கேஷனோட போட்டோ எடுக்கிறேன். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனுவாக் குடுப்போம்.

கரைவாசி:
நல்லது, அள்ள வர்ற அத்தனை பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கித் தர்றேன். ஆனா செடி அள்ளுற மெஷினும் வேணும்னு அதுல எழுதணும், நடு ஏரிக்கு எங்க கழி எட்டாது.

சூரமங்கலத்தான்:
மெஷின்னு எழுதுனா மெஷினை மட்டும் அனுப்பி போட்டோ எடுத்துட்டு ஃபைலை மூடிருவாங்க. சாக்கடை மட்டும்தான் மனுவுல இருக்கணும்.

கரைவாசி:
சாக்கடை நிக்கிறதுக்கு ரெண்டு வருசம் ஆச்சுன்னா அதுவரைக்கும் மீன் எப்படிங்க மூச்சு விடும்? அப்ப ரெண்டு மனுவா எழுதிருவோம், என்னோடத நானே எழுதுறேன். வலைக்காரர் அண்ணா, டிராக்டர் வாடகை எவ்வளவு ஆகும்னு விசாரிச்சு சொல்லுங்க.