பெய்ட்காஸ்டர் ரீல்: இறுக்கினால் நாற்பது அடி, தளர்த்தினால் குருவிக்கூடு. என்ன செய்வது?

கண்மாய்க்கரை:

வணக்கம் அண்ணன்மாரே. இத்தனை நாளும் ஸ்பின்னிங் ரீலில் ஜிலேபியும் கெண்டையும் பிடித்துக்கொண்டிருந்தவன், விரால் ஆசையில் போன மாதம் முதல்முறையாக ஒரு பெய்ட்காஸ்டர் (ஸ்பூல் என்கிற நூல் உருளையே சுழலும் தூண்டில் ரீல்) வாங்கினேன். விலை குறைந்த ரகம்தான். ஒரு பக்கம் 0 முதல் 10 வரை காந்த பிரேக் டயல், கைப்பிடிப் பக்கம் ஒரு சின்னத் திருகு. 30 பவுண்டு பிரெய்டு (பின்னல்) நூல், ஆறரை அடி மீடியம் ஹெவி ராடு, பிளாஸ்டிக் தவளை லூர் (போலி இரை).

திருகைத் தளர்த்தி எறிந்தால் லூர் பத்தடி போவதற்குள் ஸ்பூலில் நூல் பொங்கிக் குருவிக்கூடு கட்டிவிடுகிறது. பயந்துபோய்த் திருகு, டயல் இரண்டையும் இறுக்கினால் கூடு கட்டவில்லை, ஆனால் நாற்பது அடியில் தொப்பென்று விழுகிறது, அந்த நாற்பது அடிக்கே தோள்பட்டை கழன்றுவிடும்போல வீச வேண்டியிருக்கிறது. நான் நிற்கும் இடத்திலிருந்து ஆகாயத்தாமரை ஓரம் எப்படியும் எண்பது, தொண்ணூறு அடி. விரால் எல்லாம் அங்கேதான் மேலே வந்து வந்து மூச்சு வாங்கிவிட்டுப் போகின்றன.

ஞாயிற்றுக்கிழமை மேலூர்ப் பக்கம் சித்தப்பா ஊர்க் கண்மாய்க்குப் போனேன் (குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான்). மூன்றாவது வீச்சிலேயே கூடு. இரண்டு மணி நேரம் கரையில் உட்கார்ந்து ஊக்கு முனையால் ஒவ்வொரு இழையாக எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மூங்கில் கம்பும் தங்கூசியும் (நைலான் நரம்பு) மண்புழுவுமாக உட்கார்ந்திருந்த பெரியவர் அதற்குள் நாலு ஜிலேபி தூக்கிவிட்டு, திரும்பிப் பார்த்து, "என்ன தம்பி, நூல் நூக்கிறீங்களா?" என்றார். அதிலிருந்து ரீலைத் தொடவே மனசில்லை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

வைகைவாளை:

பங்காளி, எல்லாரும் இந்தப் பெரியவரைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம், விடுங்க. முதலில் நாலு விஷயம் சொல்லுங்க. லூர் எத்தனை கிராம்? பெட்டியில் போட்டிருப்பது வேண்டாம், தராசில் போட்டுப் பார்த்தது. ஸ்பூலில் நூல் எதுவரைக்கும் சுற்றியிருக்கிறது? பிரெய்டை நேரடியாக ஸ்பூலில் கட்டினீங்களா, அடியில் ஏதாவது இருக்கிறதா? காற்று முதுகுக்கா முகத்துக்கா?

இன்னொன்று, கைப்பிடிப் பக்கத் திருகை நீங்கள் பிரேக் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பாதிப் பேருக்கு அங்கேதான் கோளாறு.

மருதைக்காரன்:

இதெல்லாம் நம்ம கண்மாய்க்குச் சரிப்படாது ப்ரோ. பேசாமல் பழைய ஸ்பின்னிங் ரீலுக்கே போங்க, மிச்சக் காசுக்குக் கறி தோசை சாப்பிடலாம்.

கண்மாய்க்கரை:

கறி தோசை தனிக் கணக்கு அண்ணே, அதை இதில் சேர்க்காதீங்க.

வைகைவாளை அண்ணனுக்கு: மாமா தெற்காவணி மூல வீதியில் நகைப்பட்டறை வைத்திருக்கிறார், அவர் தராசில் தவளையைப் போட்டேன். 7.6 கிராம். "ஒரு பவுன்கூடத் தேறலையேடா, இதை வைத்து என்ன பண்ணப் போறே?" என்றார். நூல் ஸ்பூல் விளிம்போடு விளிம்பாக நிறைந்திருக்கிறது, வாங்கின இடத்திலேயே சுற்றிக் கொடுத்தார்கள், நேரடியாகத்தான் கட்டியிருக்கிறது. காற்று முகத்துக்கு நேர். கரைமேல் கூட்டமாக இருந்ததால் எதிர்ப்பக்கம் சீமைக்கருவேலத்துக்குள் போய் நின்றேன்.

வைகைவாளை:

மாமா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்! ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் அசையாமல் நிற்கும், நூல் மட்டும் உருவிக்கொண்டு போகும். இதில் முழு ஸ்பூலும் சுற்றினால்தான் நூல் வரும், அந்த ஸ்பூலைச் சுற்ற வைப்பது லூரின் எடை. ஒரு பவுன்கூட இல்லாத லூர் அந்தக் கனமான ஸ்பூலை எப்படி இழுக்கும்? நீங்கள் வெடுக்கென்று வீசும்போது ஸ்பூல் வேகம் எடுத்துவிடுகிறது, லூர் எதிர்க்காற்றில் மூச்சு முட்டி நின்றுவிடுகிறது, ஸ்பூல் நிற்காமல் நூலைக் கக்கிக்கொண்டே இருக்கிறது. லூர் போகிற வேகத்தைவிட ஸ்பூல் சுற்றுகிற வேகம் கூடிவிட்டால் அதுதான் கூடு. பழகும்வரை 14, 15 கிராம் தவளை வாங்குங்கள், ரெண்டு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. ராடில் கைப்பிடிக்கு மேலே லூர் எடை அச்சடித்திருக்கும், அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நூல். விளிம்புவரை நிறைத்தால் தளர்ந்த ஒரு சுற்று வெளியே வழிந்தாலே போச்சு. விளிம்புக்குக் கீழே இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தெரிய வேண்டும். லேசான லூர் என்றால் இன்னும் குறைவாகச் சுற்றலாம், ஸ்பூல் கனம் குறையும். பிரெய்டை வழுவழுப்பான அலுமினியத்தில் நேரடியாகக் கட்டினால் பெரிய மீன் இழுக்கும்போது மொத்தச் சுற்றும் ஸ்பூலோடு ஒட்டாமல் வழுக்கும், நீங்கள் டிராக் (மீன் இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கும் பிடி) கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். அடியில் பத்துப் பதினைந்து சுற்று தங்கூசி சுற்றி அதோடு பிரெய்டை முடிச்சுப் போடுங்கள். பிரெய்டை ஈரத்துணியால் இறுக்கிப் பிடித்தபடி சுற்றணும், தளர்வாகச் சுற்றினால் மேல் சுற்று அடிச்சுற்றுக்குள் புதைந்து அடுத்த வீச்சு பாதியில் வெட்டி நிற்கும்.

காற்றுக்கு மருந்தில்லை, இடம் மாறுங்கள். மாற முடியாவிட்டால் பிரேக்கை இரண்டு எண் கூட்டி, லூரை உயரத் தூக்காமல் தண்ணீரை ஒட்டித் தாழ்வாக வீசுங்கள்.

பழைய கடிகாரம்:

நான் வாட்ச் ரிப்பேர்க்காரன், வயது அறுபதைத் தாண்டிவிட்டது, ஞாயிறு ஒரு நாள்தான் தூண்டில். திருகு விஷயத்தை யாரும் இன்னும் சரியாக விளக்கவில்லை, அதனால் எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, கைப்பிடிப் பக்கத் திருகு ஸ்பூல் அச்சின் நுனியை அமுக்குகிறது. அதை இறுக்கினால் வீச்சின் தொடக்கம், நடு, கடைசி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அமுக்கம். சைக்கிள் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே மிதிப்பதுபோல. லூர் வேகம் குறைந்து மிதக்கிற கடைசிக் கட்டத்தில்தான் தூரம் கிடைக்கும், அந்த இடத்திலும் இது கழுத்தைப் பிடிக்கும்.

டயல் அப்படி இல்லை. உள்ளே காந்தம் ஸ்பூலைத் தொடுவதே கிடையாது. அலுமினிய ஸ்பூல் காந்தத்துக்குப் பக்கத்தில் சுற்றும்போது அதற்குள்ளேயே சுழல் மின்னோட்டம் உண்டாகி அதன் சுழற்சியையே எதிர்க்கும். பழைய ஈ.பி. மீட்டரில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அலுமினியத் தட்டு சுற்றுமே, அதைக் கட்டுப்படுத்துவதும் இதே மாதிரி ஒரு காந்தம்தான். வேகம் கூடினால் எதிர்ப்பு கூடும், வேகம் குறைந்தால் தானாகக் குறையும். கூடு கட்டுவது பெரும்பாலும் ஸ்பூல் உச்ச வேகத்தில் இருக்கும் முதல் நொடியில். அங்கே பிடித்துக் கடைசியில் விட்டுவிட வேண்டும், அந்த வேலைக்குத்தான் டயல். சில ரீல்களில் காந்தத்துக்குப் பதில் சின்னச் சின்னக் கட்டைகள் இருக்கும், ஸ்பூல் சுற்றும்போது வெளியே தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உரசும். அதில் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், அதனால் கடைசிக் கட்டத்தில் இன்னும் தாராளமாக விடும்.

இனி வேலை. திருகை முழுக்கத் தளர்த்திக் கட்டைவிரலால் ஸ்பூலை இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள், டக் டக் என்று ஆடும். அந்த ஆட்டம் நின்றும் நிற்காமலும் இருக்கிற இடம்வரை மெதுவாகத் திருகுங்கள். அதோடு அதை மறந்துவிடுங்கள். லூரைத் தொங்கவிட்டுப் பொத்தானை அழுத்தினால் மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்க வேண்டும் என்று ரீலோடு வரும் காகிதத்தில் போட்டிருப்பார்கள், அது முதல் நாளுக்குச் சரி, தூரத்துக்கு ஆகாது.

டயலை 8இல் வையுங்கள். கண்மாய்க்குப் போக வேண்டாம், பள்ளிக்கூட மைதானத்தில் கொக்கி இல்லாத எடையைக் கட்டிப் பத்து வீச்சு வீசுங்கள். கூடு கட்டவில்லை என்றால் ஒரு எண் குறையுங்கள், இன்னும் பத்து. ஒரு கட்டத்தில் ஸ்பூல்மேல் நூல் பஞ்சு மாதிரி லேசாக எழும்பும், கூடாக மாறாது. அதுதான் உங்கள் எல்லை, அங்கிருந்து அரை எண் கூட்டிக்கொள்ளுங்கள்.

வீசும்போது நுனியிலிருந்து லூர் ஒரு முழம் தொங்கட்டும், கைப்பிடி வானத்தைப் பார்க்கும்படி மணிக்கட்டைத் திருப்பிக்கொள்ளுங்கள். வெடுக் வேண்டாம். ராடு பின்னால் வளைந்து லூரின் கனம் கையில் தெரிந்த பிறகு முன்னால் கொண்டுவாருங்கள், ராடுதான் எறியும், நீங்கள் எறிய வேண்டாம். கட்டைவிரல் ஸ்பூலை விட்டு ஒரு நூல் உயரத்தில் எப்போதும் நிற்கட்டும், லூர் தண்ணீரைத் தொடும் அதே நொடி விரல் ஸ்பூலில் இறங்க வேண்டும். எத்தனை பிரேக் இருந்தாலும் இந்த விரலுக்கு மாற்று கிடையாது.

கூடு கட்டிவிட்டால் ஊக்கைத் தேடாதீர்கள். டிராக்கை இறுக்கி, சிக்கின்மேல் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டு, பொத்தானை அழுத்தி நூலை உருவிப் பாருங்கள். பாதிக்குமேல் அதிலேயே அவிழும்.

மருதைக்காரன்:

ஐயா, இந்தக் கைப்பிடி சுற்றுகிற வித்தை எனக்கும் தெரியாது. மூன்று ஸ்பூல் நூலைக் கத்தியால் அறுத்துத் தூக்கிப் போட்டிருக்கிறேன். அதனால்தான் ஸ்பின்னிங்குக்குப் போகச் சொன்னேன், இப்போது சொல்லிவிடுகிறேன்.

கண்மாய்க்கரை:

நாலு நாள் கழித்து வருகிறேன். நூலைக் குறைத்தேன், அடியில் தங்கூசி போட்டேன், 14 கிராம் தவளை வாங்கிக் கொக்கியில் டேப் சுற்றி மைதானத்தில் வீசினேன். கிரிக்கெட் ஆடிய பையன்கள் பந்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். டயல் 8இலிருந்து 5க்கு வந்துவிட்டேன், ஒரே ஒரு கூடு, அதுவும் ஐயா சொன்னபடி அவிழ்ந்துவிட்டது. ஆனால் தூரம் அறுபது அடியைத் தாண்டவே இல்லை. டயலை 2க்குக் கொண்டுபோனாலும் அதே அறுபது. வேறு ஏதோ பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறது.

பழைய கடிகாரம்:

பிரேக்கைக் குறைத்தும் தூரம் கூடவில்லை என்றால் பிரேக் இல்லாத இடத்தில் உரசல் இருக்கிறது. டயல் 0, திருகு தளர்வு, லூரைக் கழற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தி ஸ்பூலை விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். எத்தனை நொடி சுற்றுகிறது?

கண்மாய்க்கரை:

மூன்று நொடிகூட இல்லை ஐயா. கூழுக்குள் சுற்றுகிற மாதிரி நிற்கிறது.

பழைய கடிகாரம்:

உள்ளே என்ன போட்டீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

கண்மாய்க்கரை:

வாங்கின இரண்டாம் நாள் கரகரவென்று சத்தம் வந்தது. சைக்கிள் கடையில் கொஞ்சம் கிரீஸ் வாங்கி, பக்கத் தகட்டைத் திறந்து பேரிங்கில் நன்றாக அப்பினேன்.

வைகைவாளை:

அடப்பாவி. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே பங்காளி!

பழைய கடிகாரம்:

திட்டாதீர்கள், என்னிடம் வாட்ச்சுக்குள் தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டுவந்தவர்களே இருக்கிறார்கள்.

கிரீஸ் பல்சக்கரத்துக்கு. ஸ்பூல் பேரிங்குக்கு மெல்லிய எண்ணெய் மட்டும். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்துக் கடிகாரக்காரர்கள்தான் 19ஆம் நூற்றாண்டில் இந்த வகை ரீலைச் செய்து பேர் வாங்கினார்கள். அதனால் இதை எங்கள் ஜாதிப் பொருளாகவே நினைக்கிறேன்.

பக்கத் தகட்டுப் பேரிங்கை ஒரு மெல்லிய வளையக் கம்பி பிடித்திருக்கும், அதைக் கழற்றினால் பேரிங் வந்துவிடும் (கம்பி தெறித்து ஓடும், கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள்). மொட்டை மாடியில், அடுப்பு சிகரெட் எதுவும் இல்லாத இடத்தில், சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோல் விட்டுப் பேரிங்கைப் போட்டுக் குலுக்குங்கள். கறுப்பாக வரும், கொட்டிவிட்டு இரண்டாம் தடவை. பிளாஸ்டிக் பாகம் எதிலும் பெட்ரோல் படக் கூடாது. நன்றாக உலர்ந்த பிறகு தையல் மெஷின் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு ஒரே ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டுக்குக் கை போகும், போக விடாதீர்கள். மறுபக்கப் பேரிங் ஸ்பூல் அச்சில் ஊசி அடித்துப் பொருத்தியிருந்தால் கழற்ற வேண்டாம், மேலே ஒட்டிய கிரீஸைத் துடைத்து எண்ணெய் மட்டும் விடுங்கள்.

கண்மாய்க்கரை:

ஐயா, செய்துவிட்டேன். பெட்ரோல் தார் மாதிரி கறுத்துப்போனது. எண்ணெய் விட்டுச் சுண்டினேன், இருபத்திரண்டு நொடி சுற்றியது, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவளுக்கு அதில் ஒன்றும் புரியவில்லை.

ஒன்று எச்சரிக்கிறேன், பேரிங் சுத்தமான பிறகு பழைய 5இல் வீசினால் முதல் வீச்சே கூடு. 7க்கு ஏற்றி மறுபடி ஒவ்வொன்றாக இறக்கி, இப்போது 4இல் நிற்கிறேன். மைதானத்தில் முப்பத்தெட்டு எட்டு, என் எட்டு இரண்டரை அடி. இன்று காலை கண்மாயில் காற்றை முதுகுக்கு வைத்துக் கரையிலிருந்தே வீசினேன், தவளை ஆகாயத்தாமரைமேல் போய் உட்கார்ந்தது. மெதுவாக இழுத்துத் தண்ணீரில் இறக்கியதும் ஒரு வெடி. நானும் வெட்டி இழுத்தேன், தவளை மட்டும் பறந்து வந்து என் காலடியில் விழுந்தது. பெரியவர் இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை, பீடியை அணைத்துவிட்டு ராடைக் கொஞ்சம் கொடுக்கச் சொன்னார்.

வைகைவாளை:

கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் அடுத்த வாரம் அவர் ஊக்கு கேட்பார்.

விரால் தவளையை அடித்ததும் வெட்டாதீர்கள் பங்காளி. நூலில் கனம் தெரியும்வரை ஒன்று, இரண்டு எண்ணுங்கள், அப்புறம் ராடைத் தூக்குங்கள். அப்புறம், செந்நிறமாகக் குஞ்சுக் கூட்டம் மேலே கொப்பளித்துக்கொண்டு இருந்தால் அந்தப் பக்கம் வீச வேண்டாம், தாயும் தகப்பனும் காவலுக்கு அடியிலேயே நிற்கும், எதைப் போட்டாலும் அடிக்கும். அதைப் பிடித்தால் குஞ்சு அத்தனையும் கெண்டைக்கும் கொக்குக்கும்தான்.