ஆலிசன் கியர்பாக்ஸ் உள்ள டீசல் பிக்கப்: சின்தெடிக் ஆயிலுக்கு மாறலாமா?

பிளேனோவாசி:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2005 சில்வராடோ 2500ஹெச்டி. எல்எல்ஒய் டூராமாக்ஸ் டீசல் என்ஜின், ஐந்து கியர் ஆலிசன் 1000 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். போன வருடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன், இப்போது 1,18,000 மைல் ஓடியிருக்கிறது. விற்றவர் என்ஜின் ஆயில் மாற்றிய ரசீதுகளைக் கட்டுக் கட்டாகக் கொடுத்தார். டிரான்ஸ்மிஷனுக்கு, அதாவது கியர்பாக்ஸுக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

ஜூலையில் குடும்பத்தோடு கொலராடோ போகிறோம். பின்னால் 8,500 பவுண்டு டிராவல் டிரெய்லர். டாலஸிலிருந்து அமரில்லோ வழியாகப் போய் ரேட்டன் கணவாய் ஏற வேண்டும், அதுதான் கவலை. டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைக் காகிதத்தில் துடைத்துப் பார்த்தேன். சிவப்பு போய்ப் பழுப்பாகிவிட்டது, ஆனால் கருகல் வாடை இல்லை. கியர் மாறுவதில் குறை சொல்ல முடியாது. காலையில் முதன்முதலாக ரிவர்ஸ் போடும்போது மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பிடிக்கிறது.

பக்கத்தில் ஒரு கடையில் விசாரித்தேன். மெஷின் வைத்து ஃப்ளஷ் பண்ணி, அதாவது பழைய ஆயிலைத் தள்ளி வெளியேற்றி, முழுச் சின்தெடிக் ஊற்றித் தருகிறோம், எல்லா வண்டிக்கும் பொருந்துகிற ஆயில் என்றார்கள். என்ன பிராண்ட் என்று கேட்டால் சரியான பதில் வரவில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவோ "ஓடுகிற வண்டியில் கை வைக்காதே" என்கிறார். சின்தெடிக்குக்கு மாறலாமா? மாறினால் எது? உள்ளே மிஞ்சும் பழைய ஆயிலோடு கலந்தால் கெடுதல் உண்டா?

கேட்டிமாமா:

அப்பா சொல்வதைக் கேளுங்கள். லட்சம் மைல் மாற்றாமல் ஓடிய கியர்பாக்ஸில் புது ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்க ஆரம்பித்துவிடும். பழைய ஆயிலில் இருக்கும் பொடிதான் அதற்குப் பிடிப்பே. என் நண்பர் ஒருவருக்கு மாற்றிய அடுத்த மாதமே கியர்பாக்ஸ் போய்விட்டது.

ஓக்லஹோமா_ஹாட்ஷாட்:

தம்பி, இதே குடும்பத்து வண்டியில் ஹாட்ஷாட் லோடு (அவசரச் சரக்கு) அடித்துச் சாப்பிடுகிறவன் நான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாமா சொன்ன விஷயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றால், பாதிப் பேர் கியர்பாக்ஸ் வழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆயில் மாற்றவே போகிறார்கள். போகிற உயிர் போகத்தான் செய்யும், பழி புது ஆயில் மேல் விழும். கிளட்ச் தேய்ந்து வந்த பொடியை நம்பி வண்டி ஓடுகிறது என்றால் அது ஏற்கெனவே முடிந்துபோன கியர்பாக்ஸ். உங்களுடையது அப்படித் தெரியவில்லை.

ஆனால் மெஷின் ஃப்ளஷ் வேண்டவே வேண்டாம். எதற்கு அது? ஆலிசன் 1000-இன் பானில் (அடியில் ஆயில் தேங்கும் தட்டில்) ஆயிலை வடிக்கும் டிரெய்ன் பிளக் இருக்கிறது. வெளியே என்ஜின் ஆயில் ஃபில்டர் மாதிரியே திருகிக் கழற்றும் ஃபில்டர் இருக்கிறது. இவ்வளவு வசதியாகச் செய்து கொடுத்திருக்கிற கியர்பாக்ஸ் குறைவு. உள்ளே என்ன ஆயில் போகிறது என்று கடைக்காரருக்கே தெரியாத மெஷினிடம் ஏன் கொடுக்க வேண்டும்?

இப்போது ஆயில். உங்கள் வண்டி ஃபேக்டரியிலிருந்து வந்தது டெக்ஸ்ரான் 3 என்கிற கியர்பாக்ஸ் ஆயிலில். 2006-க்குப் பிறகு வண்டியைச் செய்த ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) அதற்கு உரிமம் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. இன்று "டெக்ஸ்ரான் 3-க்குப் பதில்" என்று டப்பாவில் போட்டு விற்பதெல்லாம் அவரவர் சொந்த வாக்குறுதி. பழைய வண்டிக்கும் டெக்ஸ்ரான் 6 போடச் சொல்வது ஜிஎம். கெட்ட ஆயில் இல்லை, ஆனால் 3-ஐ விட மெலிசு. ஆலிசன் தன் கியர்பாக்ஸுகளுக்காகக் கேட்கும் சின்தெடிக் தரம் டெஸ்-295. அதன் இப்போதைய வாரிசு டெஸ்-668. அந்தத் தரத்தில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் டிரான்சிண்ட், ஆலிசனும் காஸ்ட்ராலும் சேர்ந்து கொண்டுவந்தது. கனத்தில் பழைய டெக்ஸ்ரான் 3-க்குப் பக்கத்தில் நிற்கும். லோடு இழுக்கிற வண்டி என்றால் நான் அதைத்தான் ஊற்றுவேன். டப்பாவின் முன்பக்கம் பெரிதாக "முழுச் சின்தெடிக்" என்று எழுதியிருப்பதைப் பார்க்காதீர்கள், பின்பக்கம் டெஸ் எண் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்கிற ஆயிலில் அந்த எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லுங்கள்.

டெக்ஸ்ரானோடு கலந்தால் ஒன்றும் ஆகாது, ஒத்துப்போகும். ஒரே நஷ்டம், கலந்திருக்கிற வரைக்கும் நீண்ட மைல் கணக்கை நம்பக் கூடாது, சாதா ஆயிலின் கணக்கில்தான் மாற்ற வேண்டும். உங்கள் கியர்பாக்ஸ் மொத்தமாகச் சுமார் 12 குவார்ட் பிடிக்கும். பிளக்கைக் கழற்றினால் வருவது 7 சொச்சம். மிச்சம் டார்க் கன்வெர்டரிலும் (என்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது) ஆயிலை ஆற்றும் கூலரிலும் தங்கிவிடும். அதனால் ஒரு தடவை மாற்றினால் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் புதுசு. சில நூறு மைல் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை இறக்கி ஊற்றினால் 80 சதவீதம் தாண்டிவிடும். நான் என்றால் ரேட்டனுக்கு முன்னால் இரண்டு சுற்று முடித்துவிடுவேன்.

ஃபில்டரில் ஒரு விஷயம். கழற்றியதும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதன் வாயில் வளையமாக ஒரு காந்தம் உட்கார்ந்திருக்கும். அதை எடுத்துத் துடைத்துப் புது ஃபில்டரில் போட வேண்டும். துடைப்பதற்கு முன்னால் வெளிச்சத்தில் வைத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் வழவழவென்று மாவாக இருந்தால் சாதாரணத் தேய்மானம். விரலில் குத்துகிற மாதிரி சிலும்பு இருந்தால் ஆயில் வாங்குகிற காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பெரிய செலவு வருகிறது. வடிகிற ஆயில் கலங்கலான ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் மாதிரி இருந்தால் ரேடியேட்டருக்குள் கூலன்ட் ஆயிலோடு கலக்கிறது, அன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள். புது ஃபில்டர் வாஷர் தொட்டதும் ஒரு முழுச் சுற்று, அவ்வளவுதான். பானுக்குள் இன்னொரு ஃபில்டர் உண்டு, பானை இறக்காமல் அதைத் தொட முடியாது, இப்போதைக்கு விட்டுவிடலாம்.

வடிந்ததை அளந்துவிட்டு அதே அளவு ஊற்றுங்கள். அப்புறம் சமதளத்தில், என்ஜின் ஐடிலில், பார்க்கில் வைத்து டிப்ஸ்டிக் பாருங்கள். ஆயில் சூடு 160-க்கும் 200 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் நடுவில் இருக்கும்போது ஹாட் கோட்டுக்குள் நிற்க வேண்டும். குளிர்ந்த வண்டியில் பார்த்துவிட்டு ஹாட் கோடு வரைக்கும் ஊற்றுகிறவர்கள் நிறைய, பிறகு நுரைத்து வென்ட்டில் (காற்றுத் துளையில்) கக்கும். உங்கள் ரிவர்ஸ் தயக்கமும் ஆயில் குறைவாக இருப்பதாலேயே இருக்கலாம், முதலில் அதைச் சரிபாருங்கள். மாற்றிய பிறகு முதல் சில நாள் கியர் கொஞ்சம் வெடுக்கென்று விழலாம். கம்ப்யூட்டர் கிளட்ச் பிடிப்பை மறுபடியும் படித்துக்கொள்கிறது, பயப்பட வேண்டாம்.

கடைசியாக மலை. சின்தெடிக் ஆயில் சூட்டைத் தாங்கும், சூட்டைக் குறைக்காது. இதை நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். ஆயிலைக் கொல்வது சூடு, சூட்டை உண்டாக்குவது லாக் ஆகாத டார்க் கன்வெர்டர். ஆகவே டிரெய்லர் மாட்டியதும் டோ/ஹால் (இழுவை மோடு) பொத்தானை அமுக்கிவிடுங்கள். ரேட்டன் 7,800 அடிக்கு மேல். ஆனால் நெடுஞ்சாலையில் சீராக ஏறுகிறவரை பெரிய தொல்லை இல்லை. கேம்ப்கிரவுண்டில் மேட்டில் டிரெய்லரை ரிவர்ஸில் தள்ளும்போதுதான் ஆயில் சூட்டு மீட்டர் ஏறும், பார்த்துக்கொண்டே இருங்கள். 220-க்கு மேல் போனால் நிதானிக்கவும். 250 என்றால் ஓரம்கட்டி, நியூட்ரலில் 1,200 ஆர்பிஎம் வைத்துச் சில நிமிடம் விடுங்கள். என்ஜினை உடனே அணைக்காதீர்கள், ஆயில் ஓடினால்தான் கூலரில் ஆறும்.

ஸ்காபரோ_ஸ்னோ:

ஹாட்ஷாட் அண்ணை சொன்னதோட ஒத்துப்போறன். குளிர் நாட்டுப் பக்கத்தையும் சொல்லுறன்.

என்னட்ட இருக்கிறது 2014 ராம் 2500, கம்மின்ஸ், 68ஆர்எஃப்இ கியர்பாக்ஸ். வெயிலில் தோட்ட வேலை, பனிக்காலத்தில் பனி தள்ளுற வேலை. பனி தள்ளும்போது முன்னுக்குப் பின்னுக்கு என்று இரவு முழுக்க ஆட்டம்தான். வெளியில் மைனஸ் 20, கியர்பாக்ஸ் மட்டும் கொதிக்கும். ஆயில் காலையில் இறுகாமலும் இருக்க வேணும், ராத்திரி எரியாமலும் இருக்க வேணும். சின்தெடிக் அடிப்படை ஆயிலின் அருமை அங்கேதான் தெரியும்.

ஆனால் ராம்காரர் யாராவது இதை வாசித்துவிட்டு டிரான்சிண்ட் ஊற்றிவிடாதேங்கோ. எங்களுக்கு ஏடிஎஃப்+4, டப்பாவில் எம்எஸ்-9602 என்ற எண் இருக்க வேணும். அதுவும் சின்தெடிக் வகைதான். ஆனால் கிளட்ச் எப்படிப் பிடிக்க வேணும் என்பதற்காகச் சேர்க்கிற மருந்து வேற. ஐசின் கியர்பாக்ஸ் போட்ட ராமுக்கு அதுவும் இல்லை, தனி ஆயில்.

உங்கட பானில் டிரெய்ன் பிளக் இருக்கு என்று கேட்கவே பொறாமையாய் இருக்கு. எங்கட ஃபேக்டரி பானில் அது கிடையாது. போல்ட்டைக் கழற்றி ஒரு மூலையால் சரித்தால் முழங்கை வரை குளிப்புத்தான். பிளக் உள்ள அலுமினியப் பான் ஒன்றை மாட்டிய பிறகுதான் நிம்மதி.

கேட்டிமாமா:

சரி, என் நண்பரின் வண்டி மாற்றுவதற்கு முன்னாலேயே வழுக்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் நான் மாற்ற மாட்டேன்.

பிளேனோவாசி:

ரொம்ப நன்றி. சனிக்கிழமை வீட்டு டிரைவ்வேயிலேயே முதல் சுற்று முடிந்தது. திட்டிக்கொண்டே டார்ச் பிடித்தது அப்பாதான்.

டெஸ்-668 எண் போட்ட ஆயில் டீசல் பார்ட்ஸ் கடையில் கிடைத்தது. காந்தத்தில் சாம்பல் மாவுதான், விரலில் எதுவும் குத்தவில்லை. காந்தம் பழைய ஃபில்டரோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது, ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தேன். அளந்ததில் வடிந்தது ஆறரை குவார்ட்டுக்கும் குறைவு. அதே அளவு ஊற்றிச் சூடாக்கிப் பார்த்தால் கோட்டுக்குக் கீழே நின்றது. ஹாட் கோட்டுக்கு வர இன்னும் ஒரு குவார்ட் பிடித்தது. ரிவர்ஸ் தயக்கம் போயே போய்விட்டது. பழைய ஆயிலை ஆட்டோசோனில் காசு வாங்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு சந்தேகம். அந்த ஒரு குவார்ட் எங்கே போயிருக்கும்? தரையில் சொட்டு எதுவும் பார்த்ததில்லை.

ஓக்லஹோமா_ஹாட்ஷாட்:

கூலருக்குப் போகிற குழாய்களைப் பாருங்கள் தம்பி. ரப்பர் ஹோஸும் உலோகக் குழாயும் சேர்கிற இடத்தில் ஒரு அமுக்கு வளையம் இருக்கும். இந்த வண்டிகளில் அது வியர்ப்பது சகஜம். ஓடும்போது அழுத்தத்தில் கசிந்து காற்றில் சேஸிஸ் முழுக்கப் பூசிவிடும், நிறுத்தினால் நின்றுவிடும். அதனால்தான் தரையில் தெரியாது. அந்த இடத்தைப் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டு ஐம்பது மைல் ஓட்டி வாருங்கள். மறுபடியும் ஈரமாக மண் ஒட்டியிருந்தால் ஹோஸை மாற்றிவிட்டு அப்புறம் இரண்டாவது சுற்று வையுங்கள். டிரெய்லரோடு மலையில் அது பிய்த்துக்கொண்டால் மொத்த ஆயிலும் ரோட்டுக்குப் போக அதிக நேரம் ஆகாது.

பிளேனோவாசி:

இப்போதுதான் கீழே படுத்துப் பார்த்தேன். டிரைவர் பக்கத்து வளையம் இரண்டிலும் மண் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கிறது. ஹோஸ் ஆர்டர் போட்டாயிற்று.